நாற்பது நாள் அடைப்பு

விடுமுறைக்கு ஊர் போய் வருவதென்பது நம்மவர்க்கு வெறும் உல்லாசப் பிரயாணமன்று. ஆறு மாதத்திற்கு முன்பே சீட்டுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கி, தாய்க்குச் சேலை, தம்பிக்குக் கைக்கடிகாரம், அக்காள் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று பெட்டி கட்டி, துரையிடமோ மானேஜரிடமோ லீவு கேட்டு வாங்கிப் புறப்படுகிற காரியம் அது. கலியாணம் பேசுவதும், காது குத்துவதும், ஒற்றி நிலத்தை மீட்பதும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவரை ஒருமுறை கண்ணால் பார்ப்பதும் அந்தச் சில நாட்களுக்குள்ளேயே அடங்கவேண்டும். அத்தகைய நாட்களைத் தொத்து நோயின் பேரால் ஒரு சட்டம் விழுங்கிவிடுமானால், விழுங்கப்படுவது பொழுதுபோக்கன்று. ஒருவனுடைய குடும்ப வாழ்வின் ஒரு பாகமேயாகும்.

2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ந் தேதி திங்கட்கிழமை இரவு, மலேசியப் பிரதம மந்திரி முகைதீன் யாசின், 18-ந் தேதி முதல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வருமென்று அறிவித்தார். சிங்கப்பூரில் அது பள்ளி விடுமுறை வாரம். மறுநாள் 17-ந் தேதி ஜோகூர் பாலத்தில் கண்ட காட்சியை இரு கரையிலும் உள்ளவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். விடுமுறைக்குப் போனவர்கள் அவசரமாய்த் திரும்பினார்கள். ஜோகூரில் வீடும் சிங்கப்பூரில் பிழைப்புமாக இருந்த தொழிலாளரோ, கையில் ஒரு துணிப்பையுடன், எத்தனை நாளைக்கென்று தெரியாமலே பாலத்தைக் கடந்தார்கள். அன்றிரவு படுக்க இடமில்லாமல் ரயில் நிலையத்தருகே தரையில் படுத்தவர்களும் உண்டு. இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாய்விடும் என்பதே அன்று பலரது எண்ணம். பாலம் பழையபடி திறந்தது 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று.

1924-ல் திறக்கப்பட்ட அப்பாலம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளமுடையது. 1942-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, பின்வாங்கிய பிரிட்டிஷ் சேனை அதை வெடி வைத்துப் பிளந்தது. ஜப்பானியர் சில நாட்களிலேயே அதைச் செப்பனிட்டு நடந்து வந்தார்கள். வெடிமருந்தால் நெடுநாள் மூடிவைக்க முடியாத வழியைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இரண்டு ஆண்டு மூடிவைத்ததென்றால், இந்த அடைப்பு என்னும் ஏற்பாடு எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, யார் தலையில் விடிந்தது என்பவற்றை நாம் சற்றே ஆராய்வது பொருத்தமாகும்.

ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், இன்று குரோவேஷியா நாட்டில் டுப்ராவ்னிக் என வழங்கும் பட்டணத்திற்கு அக்காலத்தில் ரகூசா என்று பெயர். கப்பல் வியாபாரத்தால் பிழைத்த சிறு குடியரசு அது. ஐரோப்பாவில் கொள்ளைநோய் வந்து கோடிக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போன தலைமுறை இன்னும் மறையாத காலம். 1377-ம் ஆண்டு ஜூலை மாதம் அப்பட்டணத்துப் பெருஞ்சபை ஒரு தீர்மானம் செய்தது. நோய் கண்ட இடத்திலிருந்து வருபவர் எவராயினும், அருகிலுள்ள மிர்க்கான் என்னும் சிறு தீவிலாவது சாவ்தாத் என்னும் ஊரிலாவது ஒரு மாதம் தங்கியிருந்த பின்பே பட்டணத்திற்குள் அடியெடுத்து வைக்கலாம். அனுமதியின்றி அவர்களைப் பார்க்கப் போகிற பட்டணத்தாரும் அங்கேயே ஒரு மாதம் இருந்தாக வேண்டும். கப்பல் வராவிட்டால் சோறில்லை, வந்தால் உயிரில்லை என்ற நிலையில், இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த வழி அது. துறைமுகத்தை மூடாமலே நோயைத் தடுக்க முயன்ற அந்தச் சபையாரின் புத்திக்கூர்மையை நாம் மெச்சத்தான் வேண்டும்.

முப்பது நாள் பின்னர் நாற்பது நாளாயிற்று. நாற்பதுக்கு இத்தாலிய மொழியில் 'குவரந்தா' என்பது பெயர். அதிலிருந்தே 'குவாரண்டைன்' என்னும் சொல் பிறந்தது. ஏன் நாற்பது என்பதற்குக் கிறிஸ்துவ மதத்தாரின் தவக்காலக் கணக்கென்றும், பழைய கிரேக்க வைத்தியரின் கணக்கென்றும் பலவாறு சொல்லுவர். நம் நாட்டு வைத்தியர்களும் ஒரு மண்டலம் மருந்துண்ணச் சொல்லுகிறவர்கள்தாமே! கிருமியைக் காணாத காலத்து வைத்தியன் எங்கேயிருந்தாலும் நாட்கணக்கில்தான் நம்பிக்கை வைத்தான் போலும். வெனிஸ் நகரத்தார் 1423-ல் ஒரு தீவையே இதற்கென ஒதுக்கி நிலையான தங்குமடம் கட்டினார்கள். அதைப் பார்த்து மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் பலவும் கட்டின.

அம்மடங்களின் உள்ளே நடந்ததென்ன என்று அறிய விரும்பிய ஒரு மனிதரைப்பற்றி இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் சிறைச்சாலைச் சீர்திருத்தத்திற்காக உழைத்த ஜான் ஹோவர்டு என்பவர் அவர். பிறர் பணம் கொடுத்தாவது தப்பித்துக்கொள்ள விரும்பும் அடைப்பை, அவர் தாமே தேடிப் போய் அனுபவித்தார். 1786-ல் ஸ்மர்னாவிலிருந்து வெனிசுக்குப் புறப்படுங்கால், நோய்க்குற்றம் உடையதென்று சீட்டுப் பெற்ற கப்பலாகப் பார்த்து ஏறினார். வழியில் கடற்கொள்ளைக்காரர் தாக்கவே, கப்பலிலிருந்த பீரங்கியைக் கையாள்வதிலும் அவர் துணை நின்றார். வெனிசில் அவருக்குக் கிடைத்த அறை நாற்றம் வீசும் அறை. பசியும் தூக்கமும் போய்விட்டன. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டுமென்று வற்புறுத்தி, தம் செலவிலேயே அடிக்கச் செய்தபின்தான் அவருக்கு உணவு உள்ளே சென்றது. நோயிலிருந்து காப்பதற்கென்று கட்டிய மடமே நோய்க்கு இருப்பிடமாயிருந்ததை 1789-ல் அவர் நூலாக எழுதி உலகிற்குக் காட்டினார். அடைத்துவைக்கும் அதிகாரம் உடையவர்கள், அடைபட்டவனுக்குச் சுத்தமான சுவரும் தண்ணீரும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதே அவருடைய வாதம்.

அடுத்த நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. பத்து நாளில் முடிகிற பிரயாணத்திற்கு நாற்பது நாள் அடைப்பென்றால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 1851-ல் பன்னிரண்டு அரசாங்கங்களின் பிரதிநிதிகள் பாரிசு நகரில் கூடி, எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியை வகுக்கப் பார்த்தார்கள். காலரா எப்படிப் பரவுகிறது என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமையில்லை. முதல் ஒப்பந்தம் ஏற்பட 1892-ம் ஆண்டு வரை, அதாவது நாற்பத்தொரு வருஷம் பிடித்தது! அதற்குள் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் காலராக் கிருமியைக் கண்டறிந்திருந்தார். 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமி அகப்பட்டது. 1898-ல் சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சியே பிளேக்கை மனிதனுக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். இதை நினைத்தால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. ஐந்நூறு வருஷமாக மனிதனைப் பிடித்துத் தீவில் அடைத்தார்கள். எலியோ கப்பலைக் கட்டிய கயிற்றின்மேல் நடந்து, ஒருவரையும் கேளாமல் கரையேறிப் போய்க்கொண்டிருந்தது.

இனி நம் பக்கம் வருவோம். 1873-ல் சிங்கப்பூரில் காலரா கண்டு பலர் மடிந்ததை அடுத்து, 1874-ல் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவில் அடைப்பு முகாம் திறக்கப்பட்டது. பினாங்குக்கு ஜெரஜாத் தீவு. சிலாங்கூருக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம். இம்மூன்று இடங்களின் பெயரும் நம் பாட்டன்மார் வாயில் 'கொட்டடி' என்ற ஒரே பொருளில் வழங்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள டிப்போவில் சில நாள் வைத்து, அம்மை குத்தி, டாக்டர் பார்த்து அனுப்பிய ஆளை, கடலைக் கடந்ததும் மறுபடியும் தீவில் இறக்கினார்கள். துணியைக் களையச் சொல்லி நீராவியில் வேகவைத்தார்கள். மருந்து கலந்த தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். வரிசையாய் நிறுத்திக் கண்ணையும் நாக்கையும் கையிலுள்ள அம்மைத் தழும்பையும் பார்த்தார்கள்.

பார்த்தது தப்பென்று நாம் சொல்லவரவில்லை. அம்மையும் காலராவும் நம்மவர் கப்பல்களில் வந்தது உண்மை. லயத்தில் ஒருவனுக்கு வந்தால் வரிசை முழுவதும் படுத்த காலம் அது. அம்மை கண்டவனை டிரஸ்ஸர் கண்ணில் படாமல் மறைத்து, வேப்பிலையைச் செருகி, 'அம்மாள் விளையாடுகிறாள்' என்று சொல்லிக்கொண்டிருந்த அறியாமையும் நம்மிடம் இருந்ததன்றோ? ஆனால் ஒரு கேள்வி உண்டு. 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் மலாயாவுக்கும் ஓடிய 'ரஜூலா' கப்பலில் டெக்கில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற ஆதியில் அனுமதி இருந்தது. அதே கப்பலின் மேல் வகுப்பில் அறையெடுத்து வருபவர் சிலர். கப்பல் வந்து சேர்ந்ததும், மேல் வகுப்புக்காரர் தம் முகவரியைக் கொடுத்துவிட்டுக் கரையிறங்குவார். டெக் பிரயாணி படகில் ஏறித் தீவுக்குப் போவான். கிருமி டிக்கட்டின் விலையைப் பார்த்தா ஏறுகிறது? நெருக்கிப் படுத்தவனுக்கு நோய் பற்றுவது எளிது என்பார்கள். உண்மையே, ஆனால் அப்படி நெருக்கிப் படுக்கவைத்தவர் யார்?

லீவில் ஊர் போய்த் திரும்புகிற பழைய ஆளுக்கு இதனால் வந்த நஷ்டம் பெரிது. பத்து வருஷம் இந்நாட்டில் பால் வெட்டியவனானாலும், கடலைக் கடந்து திரும்புங்கால் புது ஆளைப்போலவே தீவுக்குப் போகவேண்டும். நாட்கூலிக்காரனுக்கு அடைபட்ட நாள் சம்பாத்தியமில்லாத நாள். ஊருக்குப் போகும்போதே கடன் வாங்கிப் போனவன் அவன். கடனுக்கு வட்டி தீவிலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மக்காவுக்குப் போன மலாய்க்காரரின் பாடும் இதுவே. 1882-ல் ஏற்படுத்தப்பட்ட கமரான் தீவு முகாமில், செங்கடல் வெயிலில், கையிலிருந்த சிறு தொகையைக் கரைத்துக்கொண்டு காத்துக் கிடந்த யாத்திரிகர் எத்தனையோ பேர்.

அப்படியானால் அடைப்பே வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். 1918-ம் ஆண்டு இன்ஃபுளுவென்சாக் காலத்துச் சமோவாத் தீவுகளின் கதையே அதற்குத் தக்க விடை. நவம்பர் 7-ந் தேதி ஆக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' என்னும் கப்பலைத் தடுக்காமல் மேற்குச் சமோவாவின் ஆப்பியாத் துறைமுகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். சில வாரங்களில் அத்தீவின் ஜனத்தொகையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் மாண்டது. கண்ணுக்கெட்டிய தூரத்திலுள்ள அமெரிக்கச் சமோவாவில், போயர் என்னும் கடற்படை அதிகாரி கப்பல்களைக் கண்டிப்பாய்த் தடுத்து நிறுத்தினார். அங்கே அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. ஒரே கடல், ஒரே இனத்தார், ஒரே மாதம். இதைப் படித்தபின்னும் அடைப்பை வெறும் அதிகாரத் திமிர் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே 2020-ல் நாடுகள் கதவை மூடியதை நாம் குறை கூறோம். மூடிய விதத்தில்தான் பேச்சு இருக்கிறது. மார்ச்சு 17-ந் தேதி இந்திய சர்க்கார் மலேசியாவிலிருந்து வரும் பிரயாணிகளை உடனடியாகத் தடுத்தது. விமான நிலையத்திற்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறவும் முடியாமல், தங்கவும் வழியில்லாமல் கோலாலம்பூரில் நின்றார்கள். 22-ந் தேதியிலிருந்து இந்தியாவுக்கு வெளிநாட்டு விமானப் போக்குவரத்தே நின்றது. சிறப்பு ஏற்பாட்டு விமானங்கள் தவிர, வழக்கமான போக்குவரத்து மீண்டது 2022 மார்ச்சு 27-ந் தேதிதான். தமிழ்நாட்டுக்குக் கோவில் பார்க்கவும் கலியாணத்திற்கும் போன மலேசியத் தமிழர் பலர், பத்து நாள் லீவில் போய் வாரக்கணக்கில் அகப்பட்டுக்கொண்டார்கள். இந்தியாவில் அப்போது கையிலெடுத்த சட்டம் எது தெரியுமா? 1897-ல் பம்பாய்ப் பிளேக்குக்காக வெள்ளைக்கார சர்க்கார் எழுதிய அதே தொத்துநோய்ச் சட்டம்.

இது நமக்கு மட்டும் வந்த துன்பமன்று. அதே ஆண்டு ஜூலை 25-ந் தேதி, சனிக்கிழமை மாலை, ஸ்பெயினிலிருந்து திரும்புகிறவர்கள் 14 நாள் வீட்டில் அடைபட்டிருக்கவேண்டும், அன்று நள்ளிரவு முதல் அமல் என்று பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது. வெயில் காய ஸ்பெயினுக்குப் போயிருந்தவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் ஒருவர் அந்நாட்டுப் போக்குவரத்து மந்திரி கிராண்ட் ஷாப்ஸ்! தம் இலாகா சம்பந்தப்பட்ட விதியில் தாமே அகப்பட்டுத் திரும்பி வந்து அடைபட்டார். மந்திரிக்கும் விதி பொதுவாயிருந்ததை மட்டும் நாம் வரவேற்கிறோம். நவம்பரில் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் அடைப்பில்லாமல் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வரலாம் என்று ஓர் ஏற்பாடு செய்து, 22-ந் தேதி முதல் விமானம் என்று நாள் குறித்தன. 21-ந் தேதி அது ஒத்திவைக்கப்பட்டது. பெட்டி கட்டியவர்கள் அவிழ்த்து வைத்தார்கள்.

ஓர் உல்லாசப் பிரயாணி பெட்டியை அவிழ்ப்பதற்கும், ஜோகூர்த் தொழிலாளி தன் பிள்ளையைப் பார்க்கமுடியாமல் பாலத்தின் இக்கரையில் நிற்பதற்கும் உள்ள வேற்றுமையை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். நோயின் மறைவுக்காலத்தை ஒட்டிப் பதினான்கு நாள் என்று வகுத்தார்கள். அது விஞ்ஞானக் கணக்கு. ஆனால் போகும்போது அக்கரையில் பதினான்கு, திரும்பும்போது இக்கரையில் பதினான்கு என்று கூட்டினால் இருபத்தெட்டு. ஆண்டு முழுவதும் உழைத்தாலும் அத்தனை நாள் சம்பளத்தோடு லீவு கிடைக்கும் தொழிலாளி எத்தனை பேர்? செலவோ தனி. 2020 ஜூன் மாத நடுவிலிருந்து, சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதார் ஒதுக்கிய விடுதியில் பதினான்கு நாள் தங்க 2,000 வெள்ளி கட்டவேண்டியிருந்தது. மலேசியாவில் குடிமகனுக்கு நாளொன்றுக்கு 150 ரிங்கிட், ஆக 2,100 ரிங்கிட். அக்காலத்துத் தீவில் கூலி போயிற்றென்றால், இக்காலத்து விடுதியில் கூலியும் போய்க் கைப்பணமும் போயிற்று. வசதியுள்ளவனுக்கு அது கடலைப் பார்த்த அறையில் இரண்டு வார ஓய்வு. அல்லாதவனுக்கு அது நடுவே எழுப்பிய சுவர்.

ஆகஸ்டு 17-ந் தேதி முதல் வேலைக்கார அனுமதி உடையவர்களுக்கென ஓர் ஏற்பாடு வந்தது. மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்தபின் குறுகிய விடுப்பில் வீடு போய் வரலாம் என்பது அது. நாள்தோறும் வீட்டுச் சோறு தின்று வேலைக்கு வந்தவனுக்கு, மூன்று மாதத்திற்கொருமுறை வீடு! இருந்தும் அதைக்கூட ஒரு வரமாகவே பலர் எண்ணினார்கள். 2020 நவம்பர் 14-ந் தேதி தீபாவளி, பாலம் மூடியிருந்தது. 2021 நவம்பர் 4-ந் தேதி தீபாவளி. அன்றும் மூடியே இருந்தது. அம்மாதம் 29-ந் தேதிதான், தடுப்பூசி போட்டவர்களுக்காக, நாளைக்கு இவ்வளவு பேர் என்று கணக்கிட்டுப் பஸ்கள் ஓடத் தொடங்கின.

டெக் பிரயாணியின் நேர் வாரிசு யார் என்று கேட்டால், சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்களை நாம் காட்டுவோம். தமிழ்நாட்டாரும் வங்காளதேசத்தாரும் பெரும்பாலோராய் வாழ்ந்த இடங்கள் அவை. 2020 ஏப்ரல் 5-ந் தேதி இரண்டு விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. பிறகு மற்றவையும் அடைக்கப்பட்டன. ஓர் அறையில் பலர் அடுக்குக் கட்டிலில் படுப்பவர்களுக்கு 'விலகி இருங்கள்' என்ற உபதேசம் எப்படிப் பலிக்கும்? அவ்வாண்டு டிசம்பரில் சர்க்காரே வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப்பேர், நூற்றுக்கு 47 பேர், அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். அவர்களுக்குச் சிகிச்சையும் சம்பளமும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டதையும், இளைஞர்களாதலால் இறந்தவர் மிகச் சிலரே என்பதையும் நியாயத்தின்பொருட்டுச் சொல்லவேண்டும். ஆனால் நகரத்தில் கடைகளும் உணவு விடுதிகளும் திறந்து வெகுநாளான பின்னும் அவர்கள் வேலைக்கும் விடுதிக்குமாகவே இருந்தார்கள். 2021 செப்டம்பரில், வாரத்திற்கு 500 பேர் என்ற அளவில், சில மணி நேரம் லிட்டில் இந்தியாவுக்குப் போய்வர அனுமதித்தபோது அது ஒரு செய்தியாகப் பத்திரிகைகளில் வந்தது. தேக்காவில் ஒரு கடையில் தேநீர் குடிப்பது செய்தியாகும் நிலையை நம்மில் எத்தனை பேர் அன்று கவனித்தோம்? நாம் நம் விமான டிக்கட்டுப் பணம் திரும்பி வருமா என்ற விசாரத்தில் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

2022 மார்ச்சு 31-ந் தேதி இரவு பதினொன்றரை மணிக்கே பாலத்தின் இரு முனையிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்களும் கால்நடையாய் வந்தவர்களும் நள்ளிரவை எதிர்பார்த்து நின்றார்கள். மணி பன்னிரண்டானதும் வழி திறந்தது. அக்கரையில் சிலருக்காகத் தாய்மார் காத்திருந்தார்கள். நடக்கத் தெரியாமல் விட்டுப்போன பிள்ளை ஓடி வந்ததைச் சிலர் பார்த்தார்கள். அந்த இரண்டு ஆண்டில் பெற்றோரின் கொள்ளிக்கும் போகமுடியாமற் போனவர்கள் நேரே வீட்டுக்குப் போகாமல் இடுகாட்டுக்குப் போனார்கள்.

ஜெரஜாத் தீவு பின்னாளில் சிறைச்சாலையாகி, அதுவும் 1993-ல் மூடப்பட்டு, பிறகு உல்லாச விடுதியாயிற்று. செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு இன்று சிங்கப்பூரின் மரினா சவுத் துறையிலிருந்து படகு போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போகிறவர்கள் சோற்றுப் பொட்டலத்தை மரத்தடியில் பிரித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விடுகிறார்கள். அங்கிருந்து சிறு இணைப்புப் பாதை வழியே நடந்தால் அடுத்த தீவு. அதற்கு லாசரஸ் என்று பெயர். மாலைப் படகு தவறிவிடக்கூடாதே என்பதுதான் அங்கே வருகிறவர்களுக்கு இன்றுள்ள ஒரே கவலை.